எந்த பக்கி உங்கள் விரலுக்குச் சரிப்படும்? ஆர்.சி. (ரிமோட் கார்) ரேஸ் கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். எட்டு மாதமாக ஒரு க்ளப்பில் ரெடிமேட் ஃபோர் வீல் டிரைவ் பக்கி (நான்கு சக்கரத்துக்கும் மோட்டார் சக்தி போகும் ரிமோட் கார்) ஓட்டுகிறேன். அது இப்போது பாதி உடைந்த நிலையில் இருக்கிறது, அதனால் 1/10 அளவில் (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) உருப்படியான ரேஸ் கிட், அதாவது நாமே பாகங்களைக் கட்டுகிற கார் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் ஹாலுக்குள் கார்பெட் ட்ராக், கோடையில் வெளியே செயற்கைப் புல். நான் கடைசி நொடியில் பிரேக் அடித்து, சட்டென்று திருப்பி, ஃபுல் த்ராட்டில் கொடுக்கிற ஆள். ஒரு நண்பர் "பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும் சக்தி போகும் டூ வீல் டிரைவ் வாங்கு, அதில்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும்" என்கிறார். இன்னொருவர் "உன் ஸ்டைலுக்கு ஃபோர் வீல்தான்" என்கிறார். போன வாரம் என் பெஸ்ட் லேப் (ட்ராக்கில் ஒரு சுற்று) 21.4 நொடி, சராசரி 24. எதை வாங்குவது?

பதில்: சராசரியையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி, பெரும்பாலும் எல்லோரும் பெஸ்ட் லேப்பை மட்டும்தான் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஓட்டும் பாணியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள், ஏனென்றால் பக்கி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தரை.

பெரிய கம்பெனிகள் ஒரே காரை இரண்டு வகையாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்ரே கம்பெனியின் எக்ஸ்பி2 காரில் சி ஒன்று, டி ஒன்று. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத நார்த்தாம்ப்டனில் இருக்கும் ஷூமாகர் கம்பெனியின் கூகர் காரில் எல்சி ஒன்று, எல்டி ஒன்று. சி கார்பெட்டுக்கு, டி மண்ணுக்கு. நிதானமாக ஓட்டுபவருக்கு ஒன்று, முரட்டுத்தனமாக ஓட்டுபவருக்கு ஒன்று என்று யாரும் பிரிக்கவில்லை, தரையை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். கார்பெட்டில் டயர் அப்படிப் பிடிக்கும், அதனால் எடை முடிந்த அளவு தாழ்வாகவும் நடுவிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் கார் சறுக்குவதற்குப் பதில் அப்படியே புரண்டுவிடும். உதிரி மண்ணில் நிலைமை நேர் எதிர், பின் சக்கரத்துக்குப் பிடியே கிடைக்காது, அங்கே எடை பின்னால் உட்கார்ந்தால்தான் கார் முன்னே போகும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் மண் தரைக்கான கிட் ஒன்றை வாங்கினேன், எல்லாத் தரையிலும் ஓடும் என்று விற்றவர் போட்டிருந்தார். கார்பெட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க மூன்று லேப்புக்கு ஒரு தடவை உருண்டது. நான் ஓட்டுவதில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து விரலைத் திருத்திக்கொண்டே இருந்தேன், தப்பு காரில் இருந்தது. அதனால் உங்களுக்கு முதல் பதில்: டூ வீலோ ஃபோர் வீலோ, கார்பெட் வகையை வாங்குங்கள். செயற்கைப் புல்லிலும் அதுவே நன்றாக ஓடும், டயரை மட்டும் மாற்றினால் போதும்.

இப்போது பாணி. டூ வீல் பக்கியில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். நீங்கள் சொல்கிறபடி கடைசி நொடியில் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும், கார் வந்த வழியைப் பார்க்கும். அதில் பிரேக்கை நேர்கோட்டில் முடித்துவிட்டு, விட்டு உருளவைத்து, வளைவின் நடுவில் மெல்லத் த்ராட்டிலைத் தொட வேண்டும். ஃபோர் வீலில் நான்கு சக்கரமும் பிரேக் பிடிக்கும், நான்கும் இழுக்கும், திருப்பத்துக்குள் நுழைந்த பிறகும் தப்பைத் திருத்த இடம் இருக்கும். ஜம்ப்பிலும் அப்படித்தான்: காற்றில் இருக்கும்போது த்ராட்டில் கொடுத்தால் மூக்கு மேலே போகும், பிரேக் அடித்தால் கீழே வரும், நான்கு சக்கரமும் சுழல்வதால் ஃபோர் வீலில் இது இன்னும் பலமாக வேலை செய்யும். நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஃபோர் வீல்தான்.

ஆனால் எட்டு மாதமாக நீங்கள் ஃபோர் வீலைத் தவிர வேறு எதையும் ஓட்டவில்லை. அது உங்கள் பாணியா, அந்தக் கார் உங்களுக்குப் பழக்கிவிட்ட பழக்கமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் சில நூறு பவுண்டைச் செலவழிக்காதீர்கள். க்ளப்பில் யாரிடமாவது கேட்டால் பயிற்சி நேரத்தில் ஒரு டூ வீலை ஓட்டிப் பார்க்கத் தருவார்கள், இந்த விளையாட்டில் அந்த நல்ல மனசு இன்னும் இருக்கிறது. ஒரு பேட்டரி முழுக்கப் பழகுவதற்கு. இரண்டாவது பேட்டரியில் 5 நிமிடம் ரேஸ் மாதிரி ஓட்டி லேப் நேரத்தை எடுங்கள்.

இங்கேதான் உங்கள் சராசரி உதவுகிறது. 24 நொடி சராசரி என்றால் 5 நிமிடத்தில் பன்னிரண்டரை லேப். பெஸ்ட் லேப்பை 21.4-லிருந்து 21-க்குக் கொண்டுவந்தாலும் ரேஸில் உங்கள் இடம் பெரிதாக மாறாது, ஆனால் சராசரி 22.5 ஆனால் 13 லேப்பைத் தாண்டிவிடுவீர்கள், அதாவது கிட்டத்தட்ட ஒரு லேப் லாபம். பெஸ்ட்டுக்கும் சராசரிக்கும் நடுவில் இருக்கும் அந்த 2.6 நொடி முழுவதும் உருண்டது, சுவரில் மோதியது, தூக்கி நிறுத்த ஆள் வரும்வரை காத்திருந்ததுதான். கடன் வாங்கிய டூ வீலில் பெஸ்ட் லேப் 22.5 நொடியாகக் கூடினாலும் சராசரி 23.5 வந்தால் யோசிக்காமல் டூ வீல் வாங்குங்கள், உங்கள் விரலுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது, இதுவரை அதற்கு வேலை வரவில்லை அவ்வளவுதான். இரண்டாவது பேட்டரி முடியும்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் சுழன்றுகொண்டிருந்தால் ஃபோர் வீலே வாங்குங்கள். டூ வீலில் கஷ்டப்பட்டால்தான் ஓட்டுநர் என்பதெல்லாம் இல்லை, மாலை முழுக்க எரிச்சலோடு ஓட்டுபவர் எதையும் கற்பதில்லை.

இரண்டும் சமமாக வந்தால் நான் டூ வீல் பக்கம்தான் சாய்வேன். காரணம் செலவு. ஒரே டிஃப் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்), முன்பக்கம் டிரைவ் ஷாஃப்ட் கிடையாது, கழற்றித் துடைத்து மாட்டுகிற வேலை பாதிதான்.

எதை வாங்கினாலும் மோட்டாரில் ஆசைப்படாதீர்கள். டர்ன் எண் (மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை) குறையக் குறைய வேகம் கூடும். டூ வீலுக்கு 13.5 டர்ன் போதும், க்ளப்பில் மற்றவர்கள் 7.5 போட்டிருந்தாலும் சரி. ரிமோட்டிலும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யிலும் இருக்கிற செட்டிங்கை முதலில் தொடுங்கள், அங்கே செலவே இல்லை: பிரேக்கின் உச்ச அளவை 60, 70 சதவீதத்துக்குக் குறையுங்கள், ஸ்டியரிங்கின் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்படி எக்ஸ்போ வையுங்கள், த்ராட்டிலைத் தொட்டதும் வரும் முதல் உதைப்பான பஞ்ச்சைக் குறையுங்கள். உங்களைப் போல சட்டென்று திருப்புகிறவருக்கு, புது ஷாக் வாங்குவதைவிட இந்த மூன்றும் அதிகம் செய்யும். பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தால் பின்பிடி கொஞ்சம் கூடும், அதுவும் இலவசம்.

டயரில் சொந்தப் பரிசோதனை வேண்டாம். உங்கள் க்ளப்பில் முன்னால் வருகிற மூன்று பேர் எதைப் போடுகிறார்களோ அதையே போடுங்கள். செயற்கைப் புல்லில் பின்னால் மினி பின் டயர், முன்னால் கட் ஸ்டாகர் டயர் என்று இங்கிலாந்தில் நிறையப் பேர் ஓட்டுவார்கள், அங்கிருந்து ஆரம்பித்தால் தப்பில்லை. காரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே மாதிரி பிட் மேஜைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தக் கார் அதிகம் இருக்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஹீட்டில் முன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) உடைந்தால், பக்கத்து மேஜைக்காரரின் பெட்டியில் ஒன்று இருக்க வேண்டும்.

கடைசியாக விலை. ரேஸ் கிட் பெட்டியில் மோட்டார், இ.எஸ்.சி., சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார்), ரிசீவர், பேட்டரி எதுவும் இருக்காது, பல கிட்டில் டயர்கூட இருக்காது. கிட் விலையைப் போல இன்னொரு மடங்கை ஒதுக்கி வையுங்கள். உங்கள் பழைய காரின் நீளமான பேட்டரியும் இதில் பொருந்தாமல் போகலாம், இப்போதைய பக்கிகள் பெரும்பாலும் ஷார்ட்டி என்கிற குட்டை லிப்போ பேட்டரிக்காக வடிவமைத்தவை. அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: டூ வீல் கிட் ஒன்று வாங்கினேன். மூன்று கியர், நான்கு கியர் என்று ட்ரான்ஸ்மிஷனை இரண்டு விதமாகக் கட்டலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்குப் பின்பக்கம் அடிக்கடி நழுவுகிறது. எப்படிக் கட்டுவது?

பதில்: நான்கு கியர். நடு மோட்டார் காரில் (மோட்டார் பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் கார்) மூன்று கியர் வைத்தால் மோட்டார் சக்கரத்துக்கு எதிர்த் திசையில் சுழலும், நான்கு வைத்தால் அதே திசையில் சுழலும். ஒரே திசையில் சுழலும்போது, த்ராட்டில் கொடுத்தால் அந்த உதைப்பு காரின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், பின் டயருக்குப் பிடி கூடும். மூன்று கியரில் அது குறைவு, பதிலுக்கு ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும், அது பிடி நிறைய இருக்கும் தரைக்கு நல்லது. 1984-ல் வந்த ஆர்சி10 பக்கி காலத்திலிருந்து ரொம்ப வருடம் மோட்டார் பின் அச்சுக்குப் பின்னால்தான் தொங்கியது, எடையே பின்பிடியைக் கொடுத்துவிட்டது. மோட்டார் நடுவுக்கு வந்த பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம். கட்டி முடித்ததும் நேர்ப்பாதையில் மெல்ல ஓட்டிப் பாருங்கள், கார் பின்னோக்கிப் போனால் இ.எஸ்.சி.யில் மோட்டார் சுழலும் திசையை மாற்ற மறந்திருப்பீர்கள்.

கேள்வி: அண்ணா, ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருந்து எழுதுகிறேன். ஒருவர் தன் 1/8 நைட்ரோ பக்கியை இன்ஜினோடு விற்கிறார். இதுவரை எலக்ட்ரிக் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். எனக்குச் சரிவருமா? வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: நைட்ரோ, அதாவது நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் இன்ஜின் கார், முன்கூட்டி யோசித்து ஓட்டுகிறவருக்கான வண்டி. எலக்ட்ரிக்கில் விரல் அசைந்த நொடியில் சக்தி வரும். 3.5 சிசி இன்ஜினில் சுற்று ஏறி, கிளட்ச் பிடித்து, அப்புறம்தான் சக்கரத்துக்குப் போகும், அதனால் திருப்பம் முடிவதற்கு முன்பே த்ராட்டிலைத் தொடங்க வேண்டும். காற்றில் மூக்கைத் தூக்குவதற்கும் அதே தாமதம் உண்டு. ஆனால் பிரேக் அருமையாக இருக்கும், டிஸ்க் பிரேக்கை முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். 125 சிசி டாங்க், எட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எரிபொருள் நிரப்ப நிறுத்த வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியே 60 நிமிடம். ஒரே தாளத்தில் நெடுநேரம் ஓட்டப் பிடிக்கும் என்றால் இதைப் போல் ஒன்று கிடையாது, எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இதுதான். வாரத்தில் ஒருநாள் மாலை இரண்டு மணிநேரம்தான் கிடைக்கும் என்றால் எலக்ட்ரிக்கிலேயே இருங்கள், நைட்ரோவில் அந்த நேரத்தில் பாதி, எரிபொருள் அளவை வைக்கும் ஊசியைத் திருகி ட்யூன் செய்வதிலும் துடைப்பதிலும் போய்விடும்.

பார்க்கும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், சூடாக்கி வைத்துக் காட்டினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேலே வரும்போது ஓர் இடத்தில் இறுக வேண்டும். எங்கும் இறுகாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் பிஸ்டனும் அது ஓடும் உருளையான ஸ்லீவும் தேய்ந்துவிட்டன, இன்ஜினுக்கு விலையே போடாமல் பேசுங்கள். காரின் அடித்தட்டான சேசியைக் கவிழ்த்து முன்பக்க வளைவைப் பாருங்கள், முதலில் தேய்வது அங்கேதான். டிஃப்பின் வெளிக்கப்புகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் எவ்வளவு ஆட்டம் என்று பாருங்கள். அந்த மாடலுக்கு ஆர்ம் இன்னும் விற்கிறார்களா என்று கிளம்புவதற்கு முன்பே தேடிவிடுங்கள்.

எரிபொருள் பற்றி ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ளதைப் பொதுமக்கள் முன்போல் சுதந்திரமாக வாங்க முடியாது. விற்பவர் 25 சதவீத எரிபொருளில் ட்யூன் செய்து வைத்திருந்தால் நீங்கள் 16-க்கு மாற்றி ட்யூன் செய்ய வேண்டிவரும், அதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. ரேஸ் பக்கி கேட்கிறாள். கடையில் 1/8 எலக்ட்ரிக் ஒன்றைக் காட்டி, வளர்ந்தாலும் உதவும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று கிலோவுக்கு மேல் எடை, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். பூங்காவில் யாருடைய காலிலாவது மோதினால் எலும்பு உடையும். அவள் கண்ணும் விரலும் அந்த வேகத்துக்கு இன்னும் பழகவில்லை, ஓரிரு வாரத்தில் பயந்து வைத்துவிடுவாள்.

தமியா கம்பெனியின் டிடி-03 (DT-03) அல்லது டிடி-02பி (TT-02B) மாதிரி ஒரு கிட் வாங்குங்கள். முதலாவது டூ வீல், இரண்டாவது ஃபோர் வீல், இரண்டுமே சாதாரண 540 மோட்டாரில் நிதானமாக ஓடும், பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். திறந்த பூங்காவில் மட்டும் ஓட்டுவாள் என்றால் டிடி-03, ஏதாவது க்ளப்புக்கு அழைத்துப் போகிற எண்ணம் இருந்தால் டிடி-02பி. கூடவே ஒரு செட் பால் பேரிங் வாங்கிவிடுங்கள், பெட்டியில் சில இடங்களுக்குப் பிளாஸ்டிக் புஷ்தான் வரும், மணலில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெடிமேட் வேண்டாம், கிட்டாகவே வாங்கி அவளே கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தான் திருகிய ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, கார் உடைந்தால் அழாமல் கழற்ற ஆரம்பிப்பாள்.

வீட்டில் இருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிடாதீர்கள். தமியா ஸ்க்ரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் வகை, பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பிலிப்ஸ் முனை அதில் சரியாக உட்காராமல் தலையை வழித்துவிடும். நல்ல ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கிட்டோடு சேர்த்தே வாங்கி, அதை அவளுடையது என்று கொடுங்கள்.