விலைச்சீட்டிலிருந்து தொடங்கும் மேசை

வாசகர் கேள்வி – பதில்

உலகெங்கும் கடை விரித்திருக்கும் ஐகியா என்னும் மரச்சாமான் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றியும் வாடிக்கையாளர் சேவையைப் பற்றியும் வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஸ்வீடன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தொடங்கிய ஐகியா இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு, மரச்சாமான்களைத் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கும் முறையைக் கண்டுபிடித்ததே காரணம் என்கிறார்களே, அது சரியா?

பதில்: பாதிதான் சரி. கழற்றி அடுக்கி அனுப்பும் முறை ஐகியாவைவிட மிகவும் மூத்தது. 1859-ல் மைக்கேல் தோனெட்டின் நிறுவனம் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலியைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அடக்கித் தொலைதூர நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஐகியா செய்த புதுமை வேறு. பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலையையும் பூட்டி நிறுத்தும் வேலையையும் வாங்குபவரிடமே ஒப்படைத்துவிட்டு, அந்த வேலைகளுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவை விலையில் குறைத்துக் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் வளர்ச்சியையும் குறைகளையும் சேர்த்தே விளக்குவது இந்த ஒப்பந்தம்தான் என்பது என் கருத்து.

இங்வார் காம்ப்ராட் 1943-ல், தமது 17-ஆம் வயதில், இந்த வணிகத்தைப் பதிவு செய்தார். தம் பெயரின் இரண்டு முதலெழுத்துகளோடு எல்ம்தாரித் என்ற பண்ணையின் முதலெழுத்தையும், அகுன்னாரித் என்ற ஊரின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் உருவாக்கியதே நிறுவனத்தின் பெயர். பேனா, பணப்பை, படச்சட்டம் முதலியவற்றை அஞ்சல் வழியே விற்று வந்தவர், 1948-ல் மரச்சாமான்களையும் சேர்த்துக்கொண்டார். அஞ்சல் வணிகத்தில் விலைப்போட்டி முற்றி, ‘இவ்வளவு மலிவான பொருள் நன்றாகவா இருக்கும்?’ என்ற ஐயம் மக்களிடம் எழுந்தபோது, 1953-ல் எல்ம்ஹுல்ட் என்ற ஊரில் ஒரு காட்சிக்கூடம் திறந்து, பொருளைத் தொட்டும் உட்கார்ந்தும் பார்த்துவிட்டு வாங்கும்படி செய்தார். இந்த விலைகளைப் பொறுக்காத ஸ்வீடன் மரச்சாமான் வணிகர்கள், ஐகியாவுக்குச் சரக்குத் தர வேண்டாம் என்று தயாரிப்பாளர்களை நெருக்கினார்கள். அந்தப் புறக்கணிப்பின் விளைவாகத்தான் 1955 முதல் நிறுவனம் தன் பொருட்களைத் தானே வடிவமைக்கத் தொடங்கியது. 1961 முதல் போலந்திலிருந்தும் சரக்கு வாங்கியது. பகைவர்கள் அடைத்த கதவு, தானே வடிவமைத்துத் தானே விலை வைக்கும் வழியை அதற்குத் திறந்துவிட்டது. 1956-ல், வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றிய நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டதுதான் என்றாலும், அது நடந்த காலத்தைக் கவனியுங்கள்: சொந்த வடிவமைப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. பிறர் செய்த மேசையை விற்பவராக மட்டும் இருந்திருந்தால், அந்த யோசனையை முழு வணிகத்துக்கும் விரித்திருக்க முடியாது.

கேள்வி: விலையை அத்தனை குறைவாக வைக்க எப்படி முடிகிறது? மட்டமான பொருளைப் பயன்படுத்துவதால்தானே?

பதில்: சில பொருட்களில் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே. அழுத்திய மரத்தூள் பலகை ஈரத்தைத் தாங்காது. பலமுறை கழற்றிப் பூட்டினால் திருகாணி பிடிக்கும் துளை தளர்ந்துவிடும். அடிக்கடி வீடு மாற்றுகிறவர்கள் இதை எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். ஆனால் குறைந்த விலைக்கு அது மட்டுமே காரணம் என்பது தவறு.

வழக்கமான தொழிலில் பொருளை முதலில் செய்து, ஆன செலவைக் கூட்டி, இலாபத்தைச் சேர்த்து விலை சொல்வார்கள். ஐகியாவில் விற்க வேண்டிய விலை முதலில் தீர்மானிக்கப்படுகிறது. அந்த விலைக்குள் என்ன மரம், எந்தத் தொழிற்சாலை, எத்தனை திருகாணி, பெட்டியின் கனம் எவ்வளவு என்பதையெல்லாம் அதன் பிறகே வடிவமைப்பாளர் தேட வேண்டும். வடிவம், பயன்பாடு, தரம், சுற்றுச்சூழல் பொறுப்பு, குறைந்த விலை ஆகிய ஐந்தும் ஒரு பொருளில் கூடிவர வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. ‘லாக்’ என்ற மேசையை எடுத்துக்கொள்ளுங்கள்: தடித்த கட்டை போலத் தோன்றும் அதன் மேற்பலகைக்கும் கால்களுக்கும் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே இருக்கிறது. கதவு செய்கிறவர்கள் சட்டம் கோத்து இரு புறமும் மெல்லிய பலகை ஒட்டும் உத்தியை மேசைக்குக் கொண்டுவந்ததால், மரமும் எடையும் ஒருசேரக் குறைந்தன.

போக்குவரத்தில் அவர்கள் காட்டும் கவனம் இதைவிட வியப்பானது. ‘பாங்’ என்ற சாதாரணக் கோப்பையை, லாரியில் ஏற்றுவதற்காகச் சரக்கை அடுக்கும் பலகையான ஒரு சரக்குத் தட்டில் எத்தனை அடுக்கலாம் என்ற ஒரே கேள்விக்காகத் திரும்பத் திரும்ப வடிவம் மாற்றினார்கள். முதலில் ஒரு தட்டில் 864 கோப்பைகள் அடங்கின, பிறகு 1,280, கைப்பிடியும் உயரமும் மீண்டும் மாறிய பின் 2,024. லாரியில் காற்றை ஏற்றிச் செல்வதற்கும் வாடிக்கையாளரே பணம் கொடுக்கிறார் என்பதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட நிறுவனங்கள் குறைவு.

கேள்வி: கிடங்கில் தேடுவது, சுமந்து செல்வது, வீட்டில் பூட்டுவது என எல்லா வேலையையும் வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு அதைச் சேவை என்று சொல்வது முறையா?

பதில்: வந்த கேள்விகளில் மிகவும் பொருள் பொதிந்தது இதுதான்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1965-ல் ஸ்டாக்ஹோம் அருகே குங்கென்ஸ் குர்வா என்ற இடத்தில் திறந்த பெரிய கடையில் கூட்டம் தாங்காமல், சரக்கை எடுத்துத் தர ஆளும் போதாமல், கிடங்கின் கதவைத் திறந்து மக்களையே உள்ளே விட்டார்கள். 1970-ல் அந்தக் கடை தீயில் சேதமடைந்து, மறு ஆண்டு மீண்டும் திறந்தபோது, நெருக்கடியில் செய்த அந்த ஏற்பாடே நிலையான தன்சேவை முறையாக்கப்பட்டது. மக்களும் அதை விரும்பினார்கள் என்பதை மறுக்க முடியாது. வாரக்கணக்கில் காத்திராமல் அன்றே பொருளோடு வீடு திரும்ப முடிந்தது அவர்களுக்குப் பெரிய விடுதலை.

தாமே பூட்டிய பொருளின் மேல் மக்களுக்குத் தனிப் பற்று ஏற்படுவதை மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஆரியலி ஆகிய ஆய்வாளர்கள் சோதித்து, 2012-ல் வெளியான கட்டுரையில் ‘ஐகியா விளைவு’ என்றே அதற்குப் பெயரிட்டார்கள். இதைக் காட்டி, வாடிக்கையாளருக்கு வேலை கொடுப்பதே அவரை மகிழ்விக்கும் வழி என்று வணிக மேலாண்மை வகுப்புகளில் சிலர் பேசுவதுண்டு. அந்த ஆய்வின் மறுபாதியை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். வேலையை வெற்றிகரமாக முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பற்று ஏற்பட்டது. பாதியில் நின்றவர்களிடமும், செய்ததைக் கலைக்க நேர்ந்தவர்களிடமும் அது காணப்படவில்லை. ஆகவே ஒரு திருகாணி குறைந்தாலும், விளக்கப்படத்தின் ஒரு படி புரியாமல் போனாலும், விலையில் கிடைத்த நன்மை முழுவதும் அந்த மாலையிலேயே கரைந்துவிடும். எழுத்தே இல்லாத விளக்கப்படங்கள், பல நாடுகளில் இலவசமாகக் கிடைக்கும் உதிரித் திருகாணிகள், நீண்ட திருப்பியளிக்கும் காலக்கெடு ஆகியவற்றை நான் சலுகைகளாகக் கருதவில்லை. ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பங்கு அவை. முதியவர்கள், தனியாக வாழ்கிறவர்கள், கனம் தூக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து பூட்டித் தரும் ஆட்களை ஏற்பாடு செய்யும் டாஸ்க்ராபிட் நிறுவனத்தை ஐகியா கடைகளை நடத்தும் குழுமம் 2017-ல்தான் வாங்கியது. அந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், இவர்களுக்கு மட்டும் விலைச்சீட்டில் உள்ளது உண்மையான விலை அன்று.

வேலைப் பகிர்வு எந்த இடத்தில் அறவே கூடாது என்பதை ‘மால்ம்’ இழுப்பறைப் பெட்டிகள் துயரத்தோடு காட்டின. சுவரோடு பிணைக்காமல் வைத்த பெட்டிகள் கவிழ்ந்து அமெரிக்காவில் குழந்தைகள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2016-ல் அந்நாட்டில் மட்டும் ‘மால்ம்’ உட்பட ஏறத்தாழ 2.9 கோடி ஐகியா பெட்டிகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. சுவரில் பிணைப்பதற்கான பொருளும் குறிப்பும் பெட்டியோடு தரப்பட்டிருந்தன என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மேசையைத் தவறாகப் பூட்டினால் மேசை ஆடும், அவ்வளவுதான். உயிரைக் காக்கும் கடைசித் திருகாணியை வாங்குபவரின் நினைவுக்கு விட்டுவிடலாகாது. பிணைக்காவிட்டாலும் நிற்கும்படி பெட்டியையே வடிவமைத்திருக்க வேண்டும். இழுப்பறைப் பெட்டிகள் கவிழாமல் நிற்பதற்கான கட்டாயத் தரத்தை வகுக்கும் சட்டம் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறியது.

கேள்வி: எல்லா நாட்டுக்கும் ஒரே பொருளை விற்பதுதான் அவர்கள் வெற்றியின் இரகசியம் என்று படித்தேன். மக்களின் வாழ்க்கை முறை நாட்டுக்கு நாடு மாறுபடும்போது இது எப்படிச் சாத்தியம்?

பதில்: பொருள் பெரும்பாலும் ஒன்றேதான், அதைக் காட்டும் முறையும் அளவும் மாற வேண்டும் என்பதை அவர்கள் அடிபட்டே கற்றார்கள். 1985-ல் அமெரிக்காவில் முதல் கடையைத் திறந்தபோது, கட்டில்களின் அளவு அந்நாட்டு விரிப்புகளுக்குப் பொருந்தவில்லை. குடிக்கும் குவளைகள் சிறியவையாகத் தோன்றியதால் பூச்சாடிகளை வாங்கிச் சென்று அவற்றில் தண்ணீர் குடித்தவர்களும் உண்டு. வாடிக்கையாளர் புகார் எழுதாமலே குறையைச் சொல்லும் விதங்களில் இதுவும் ஒன்று. விற்பனைக் கணக்கைக் கூர்ந்து படிப்பவருக்கே அது கேட்கும். ஜப்பானில் 1970-களில் நுழைந்து, 1986-ல் வெளியேறி, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 2006-ல் திரும்பி வந்தபோது, அந்நாட்டுச் சிறிய அறைகளின் அளவிலேயே மாதிரி அறைகளை அமைத்தார்கள். 1998-ல் ஷாங்காயில் தொடங்கிய சீன வணிகத்தில், கார் வைத்திருந்தவர்கள் குறைவு என்பதால் பொதுப் போக்குவரத்து எட்டும் இடங்களில் கடைகள் அமைந்தன. அடுக்குமாடி வாழ்க்கைக்கு ஏற்ப மாதிரி அறைகளில் பால்கனிகளும் இடம்பெற்றன. மக்களின் வீடுகளுக்கே சென்று, அவர்கள் எங்கே துணி மடிக்கிறார்கள், எங்கே குழந்தை படிக்கிறது என்று பார்த்து வரும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. வீட்டைப் பார்க்காமல் வீட்டுச் சாமான் செய்ய முடியாது என்பதால், இந்தப் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: ஐகியாவின் உரிமையாளர் யார்?

பதில்: ஒரே உரிமையாளர் என்று எவரும் இல்லை. பெயரும் வணிக முறையும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உள்ள இன்டர் ஐகியா சிஸ்டம்ஸ் நிறுவனத்திடம் இருக்கின்றன. கடை நடத்துபவர்கள் உரிமம் பெற்று, விற்பனையில் 3 விழுக்காட்டை அதற்குச் செலுத்துகிறார்கள். அவர்களுள் மிகப் பெரிய இங்கா குழுமம், 1982-ல் நிறுவப்பட்ட ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. பங்குச்சந்தையின் காலாண்டு நெருக்கடி இல்லாமல் நீண்ட காலத் திட்டம் தீட்ட இந்த அமைப்பு உதவுகிறது. வரியைக் குறைப்பதற்கும் இதுவே உதவுகிறது என்ற விமர்சனம் உண்டு. இன்டர் ஐகியா நெதர்லாந்தில் பெற்ற வரிச்சலுகைகளைப் பற்றி ஐரோப்பிய ஆணையம் 2017 டிசம்பரில் விசாரணை தொடங்கியது.

கேள்வி: அவர்களுடைய பொருட்பட்டியல் புத்தகத்தைப் பல ஆண்டுகள் சேர்த்து வைத்தவள் நான். அது நின்றுபோனது சேவை குறைவதன் அடையாளமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. 1951-ல் தொடங்கிய அந்தப் புத்தகம், 2016-ல் 32 மொழிகளில் 20 கோடிப் படிகள் அச்சாகும் அளவுக்கு வளர்ந்து, 2021-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. இணையத்தில் தேடி வாங்குவோர் பெருகிய பின், ஓராண்டு முழுவதும் விலையை மாற்ற முடியாதபடி அச்சிட்டு வைப்பது பொருந்தாமல் போயிற்று. அண்மை ஆண்டுகளில் விலைகள் ஏறியும் இறங்கியும் வந்ததைப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். 2023-ஆம் நிதியாண்டில் 47.6 பில்லியன் யூரோவாக இருந்த மொத்தச் சில்லறை விற்பனை, விலைகளைக் குறைத்ததை அடுத்து மறு ஆண்டில் 45.1 பில்லியனாகச் சரிந்தது. வருமானம் குறைந்தாலும் விலையைக் குறைத்தது, முதல் ஒப்பந்தத்தை அவர்கள் மறக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

அதோடு ஒரு புதிய சேவையையும் கவனியுங்கள். 2020 முதல் பல நாடுகளில், வாடிக்கையாளர் பயன்படுத்திய மரச்சாமான்களை ஐகியா திரும்ப வாங்கி, மறுவிற்பனைக்கு வைக்கிறது. புதிதாக வாங்கிய நாளில் தட்டைப் பெட்டியில் காரில் ஏறிய புத்தக அலமாரியை, திருப்பித் தரும் நாளில் பூட்டிய நிலையிலேயே கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார்கள். கார் இல்லாதவர்களும், மாடியிலிருந்து அலமாரியை இறக்க ஆள் இல்லாதவர்களும் இந்தச் சேவையைப் பயன்படுத்துவது கடினம். விற்கும்போது லுண்ட்கிரென் மேசையின் கால்களைக் கழற்றியதைப் போல, வாங்கும்போதும் யாராவது அவற்றைக் கழற்ற வழி செய்ய வேண்டும்.