சைக்கிளும் காரும் ஒரே சாலையில்: சில கேள்விகள், என் பதில்கள்

வேலைக்குப் போய்வருவது சைக்கிளில், வீட்டாரோடு வெளியே கிளம்பினால் காரில். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடம் விட வேண்டும்? உரசாமல்தான் போகிறேன், அப்படியும் திட்டுகிறார்கள்.

குறைந்தது ஒன்றரை மீட்டர். ஜெர்மனியில் 2020-இல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். உரசவில்லையே என்பது காருக்குள் இருப்பவரின் கணக்கு. சைக்கிள் நூல் பிடித்தாற்போல நேராகப் போகாது. லேசாக இப்படியும் அப்படியும் ஆடித்தான் விழாமல் போகிறது. மேடு ஏறும்போது ஆட்டம் இன்னும் கூடும். குழி வந்தால் சட்டென்று அரை மீட்டர் விலகியாக வேண்டும். அந்த விலகலுக்கும் சேர்த்துத்தான் ஒன்றரை மீட்டர்.

காற்றையும் மறக்காதீர்கள். ஒருமுறை ஒரு பஸ் என்னை ஒட்டினாற்போல வேகமாகக் கடந்தது. என்மேல் படவே இல்லை. ஆனால் காற்று தள்ளியதில் ஹேண்டில்பார் திரும்பி, முன்சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிவிட்டது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அந்த டிரைவருக்கு நான் விழுந்ததே தெரிந்திருக்காது.

இடம் இல்லாவிட்டால் பின்னாலேயே வாருங்கள். 300 மீட்டர் தூரம் 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குப் பதில் 15-இல் போனால், கூடுதலாக ஆவது 45 விநாடிதான்.

கேள்வி: ஓரம் காலியாக இருந்தும் சிலர் நடுவே ஓட்டுகிறார்களே, வேண்டுமென்றே வழிமறிக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. காரிலிருந்து பார்த்தால்தான் அது காலி. சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடித்தூள், மணல், சாக்கடை மூடி எல்லாம் அங்கேதான். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். அப்புறம், குறுகலான இடத்தில் ஓரமாக ஒதுங்கினால் பின்னால் வருபவர் எப்படியாவது நுழையப் பார்ப்பார். அதனால் அந்த இடம் தாண்டும்வரை நடுவில் போவதுதான் சரி. தாண்டியதும் ஒதுங்கி வழிவிடுங்கள்.

கேள்வி: கார் கதவைத் திறக்கும்போது கண்ணாடியைப் பார்த்தால் போதாதா?

பாருங்கள். கூடவே, கதவை ஒட்டிய கையால் திறக்காமல் மற்றக் கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பார்வை பின்னால் போகும். நெதர்லாந்து பழக்கம் என்று இதைச் சொல்வார்கள். பிரிட்டனின் சாலை விதி நூலிலும் 2022-இல் சேர்த்துவிட்டார்கள். பின்சீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: எதிர்த்திசையில் ஓட்டினால் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியுமே, அது பாதுகாப்பில்லையா?

தயவுசெய்து வேண்டாம். கார் 50-இல் வருகிறது, நீங்கள் 15-இல் போகிறீர்கள். ஒரே திசை என்றால் உங்களை நெருங்கும் வேகம் 35, எதிர்த்திசை என்றால் 65. பிரேக் பிடிக்கக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதிதான். குறுக்குத் தெருவிலிருந்து திரும்புகிறவர், சைக்கிள் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்.

கேள்வி: சிக்னலில் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவே புகுந்து முன்னால் போகலாமா?

கூடாது. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். லாரி ஓரப்பக்கமாகத் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வராது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். முதலில் தாராளமாக இருந்த இடைவெளி பாதித் திருப்பத்தில் காணாமல் போய்விடும். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் கதவுக்குக் கீழே நிற்கிற உங்கள் தலை அவருக்குத் தெரியாமல் போகலாம். பின்னாலேயே நில்லுங்கள், அதுவும் லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து. முகம் தெரியவில்லையா, நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

கேள்வி: முந்துவதற்கு முன் ஹாரன் அடிக்கலாமா?

தேவைப்பட்டால் தூரத்திலேயே சின்னதாக ஒன்று. முதுகுக்குப் பின்னால் வந்து அலறவிட்டால் பதறித் திரும்பிப் பார்ப்பார், திரும்புகிற பக்கமே சைக்கிளும் சாயும்.

கேள்வி: இரவில் பின்விளக்கு மட்டும் போதுமா?

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் வேண்டும். அதோடு கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்று கட்டுங்கள். மேலும் கீழும் போய்வருகிற அந்த ஒளியைக் கண்டதும், மிதித்துப் போகிற மனிதர் என்று காரில் வருபவருக்குப் புரிந்துவிடும். பின்விளக்கைச் சட்டையோ பையோ மறைக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். என் விளக்கைப் பையின் வார் மறைத்துக்கொண்டிருந்ததை, பின்னால் வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.