வீவெக்ஸ் பக்கத்தில் நேரம் திடீரென்று ஏஎம், பிஎம் என்று மாறிவிட்டது, தேதியில் மாதம் முன்னால் வருகிறது. ஏன்?

கேள்வியின் சுருக்கம்: திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியில் வெதர் ஸ்டேஷன், கீழே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் வீவெக்ஸ் (ஸ்டேஷனின் அளவுகளைப் பதிந்து வெப் பக்கமாகக் காட்டும் மென்பொருள்). மெமரி கார்டு போய் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டதிலிருந்து பக்கத்தில் “11:41:07 பிஎம்” என்று வருகிறது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து பை-க்குள் நுழையும் வழி) போட்டுக் கையால் ரிப்போர்ட் (பக்கத்தை எழுதும் வேலை) ஓட்டினால் 23:41:07 என்று சரியாகிறது, ஐந்தே நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. கிராஃபின் நேர அச்சில் மட்டும் எப்போதும் 24 மணிக் கணக்கு.

பதில்:

ஸ்டேஷனிலும் கோளாறில்லை, டேட்டாபேஸிலும் கோளாறில்லை. வீவெக்ஸ் ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் 1970 ஜனவரி 1 தொடங்கி ஓடிய விநாடிகளின் எண்ணாகத்தான் சேமிக்கிறது. அந்த எண்ணில் ஏஎம்மும் இல்லை, பிஎம்மும் இல்லை. பக்கத்தை எழுதும் கடைசிக் கட்டத்தில்தான் அது தேதியாகவும் நேரமாகவும் மாறுகிறது. அங்கேதான் லொகேல், அதாவது எந்த மொழி, எந்த நாட்டு வழக்கப்படி தேதியையும் நேரத்தையும் எழுதுவது என்ற ஓஎஸ் அமைப்பு, உள்ளே வருகிறது.

(கட்டளைகளையும் குறியீடுகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

வீவெக்ஸின் டைம்ஃபார்மட்ஸ் பகுதியில் பெரும்பாலான வரிகளில் இரண்டே குறியீடுகள் இருக்கும்: %சின்ன எக்ஸ், %பெரிய எக்ஸ். முதலாவது “இந்த லொகேலின் வழக்கப்படி தேதி”, இரண்டாவது “இந்த லொகேலின் வழக்கப்படி நேரம்”. அதாவது வடிவத்தைத் தீர்மானிப்பது வீவெக்ஸ் இல்லை, ஓஎஸ். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை கொட்டிய நாள் இரவு 11:41-ஐ எடுத்துக்கொள்வோம். பை-யின் ஓஎஸ்ஸோடு வரும் பிரிட்டிஷ் ஆங்கில லொகேலில் அது 04/12/23 23:41:07. அமெரிக்க ஆங்கிலத்தில் 12/04/2023 11:41:07 பிஎம், உங்கள் பக்கத்தில் இப்போது வருவது இதுதான். எதுவும் செட் ஆகாமல் “சி” என்ற அடிப்படை லொகேலுக்கு விழுந்தால் 12/04/23 23:41:07.

மூன்றாவதுதான் ஆபத்தானது. நேரம் 24 மணிக் கணக்கில் சரியாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், தேதியை மட்டும் ஏப்ரல் 12 என்று படித்துவிடுவார்கள். ஏப்ரல் நடுவில் நம் பக்கம் அப்படியொரு மழையா என்று கேட்க அடுத்த வருஷம் யாருக்கும் தோன்றாது. மழைக் கணக்கு வைப்பதே பின்னால் எடுத்துப் பார்க்கத்தானே, அதில் தேதி குழம்பக் கூடாது.

கிராஃபின் நேர அச்சு தப்பித்ததற்குக் காரணம், நாள் படத்துக்கான எக்ஸ் லேபிள் ஃபார்மட்டில் %பெரிய எச்:%பெரிய எம் என்று மணியும் நிமிடமும் நேரடியாக எழுதப்பட்டிருப்பது. லொகேலைக் கேட்கிற வேலையே அங்கே இல்லை. அதே படத்தின் அடியில் வரும் தேதி வரியைப் பாருங்கள், அதில் பிஎம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கையால் ஓட்டினால் ஏன் சரியாகிறது? லினக்ஸ், மேக் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் போட்டால் லேப்டாப்பின் லொகேலைச் சொல்லும் லாங், எல்சி மாறிகளும் கூடவே பை-க்குப் போகின்றன. டெபியன் வகை ஓஎஸ்களில் அவற்றை ஏற்றுக்கொள்ளும்படிதான் எஸ்எஸ்எச் சர்வர் அமைந்திருக்கிறது. ஆக டெர்மினலில் ஓடிய ரிப்போர்ட் உங்கள் லேப்டாப்பின் லொகேலில் ஓடியது. பின்னணியில் ஓடும் வீவெக்ஸ் சர்வீஸுக்கோ, பூட் ஆகும்போது சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் நிரல்) கொடுத்த லொகேல்தான். ஐந்து நிமிட ஆர்க்கைவ் இடைவெளி (ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் உள்ள நேரம்) முடிந்ததும் அது பக்கத்தைத் தன் லொகேலில் திரும்ப எழுதிவிடுகிறது. “டேட் கட்டளை அடித்தால் சரியாகத்தானே வருகிறது” என்று பலர் மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். டெர்மினலில் தெரிவதைச் சர்வீஸின் நிலைமைக்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

சர்வீஸின் லொகேலைப் பார்க்க இரண்டு வழி. வீவெக்ஸ் தொடங்கும்போது லாகில் லொகேல் என்று ஒரு வரி எழுதும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் வீவெக்ஸின் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குள் இருக்கும் என்விரான் கோப்பை சூடோ போட்டுப் படியுங்கள். எல்லாம் ஒரே வரியாக ஒட்டி வரும், அதில் லாங், எல்சி_டைம், எல்சி_ஆல் மூன்றையும் தேடுங்கள். எல்சி_ஆல் இருந்தால் அதுதான் ஜெயிக்கும். அது இல்லாவிட்டால் எல்சி_டைம், அதுவும் இல்லாவிட்டால்தான் லாங்.

இப்போது சரிசெய்வது. பை-யின் லொகேலை மாற்றுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஆனால் நிரந்தரமானது இல்லை. அடுத்த கார்டு மாற்றத்தில் இதே கதைதான். வடிவத்தை வீவெக்ஸிலேயே எழுதிவிடுங்கள், அதுவும் ஸ்கின் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பு) கோப்பில் இல்லாமல் வீவெக்ஸ்.கான்ஃபில். அங்கே எஸ்டிடிரிப்போர்ட் பகுதிக்குள் டிஃபால்ட்ஸ், அதற்குள் யூனிட்ஸ், அதற்குள் டைம்ஃபார்மட்ஸ். சதுர அடைப்புகளின் எண்ணிக்கை 1, 2, 3, 4 என்று ஏறும், ஒன்று குறைந்தாலும் அந்தப் பகுதி வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். டிஃபால்ட்ஸுக்குள் யூனிட்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதற்குள்ளேயே சேருங்கள். அதே பெயரில் இரண்டாவது பகுதி போட்டால் கோப்பைப் படிக்கும்போதே பிழை காட்டி வீவெக்ஸ் கிளம்பாது.

கரன்ட், மந்த், இயர், ரெயின்இயர், எஃபெம்_இயர் ஐந்துக்கும்:

%சின்ன டி-%சின்ன எம்-%பெரிய ஒய் %பெரிய எச்:%பெரிய எம்

டே, எஃபெம்_டே இரண்டுக்கும் மணி, நிமிடம் போதும். வீக் வரிக்கு நேரத்தோடு கிழமை.

இதில் எம் இரண்டு உண்டு: சின்னது மாதம், பெரியது நிமிடம். மாற்றிப் போட்டால் நம் உதாரணம் “04-41-2023 23:12” ஆகிவிடும். நேரம் மட்டும் காட்டும் வரியில் இந்தத் தப்பு நடந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். 23:12 பார்க்க நேரம் போலத்தான் இருக்கும், டிசம்பர் முழுக்க நிமிடம் 12-லேயே நிற்கும். தேதிக்குள் கமா வேண்டுமென்றால் மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வெறும் கமாவைக் கண்டால் கான்ஃபிக் படிக்கும் நிரல் அதை இரண்டு மதிப்புகள் கொண்ட பட்டியலாக எடுத்துக்கொள்ளும்.

கிராஃபின் அடியில் வரும் தேதிக்கு பாட்டம் லேபிள் ஃபார்மட் தனியாக இருக்கிறது. அது இமேஜ்ஜெனரேட்டர் பகுதியைச் சேர்ந்தது, டைம்ஃபார்மட்ஸ் அதைத் தொடாது. அங்கேயும் இதே எண் வடிவத்தை எழுதுங்கள்.

பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்கின் கோப்பை ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் புதிதாகப் படிக்கும், வீவெக்ஸ்.கான்ஃபை அப்படிப் படிக்காது. உடனே வருடப் படத்தைப் பார்த்து “மாறவில்லையே” என்று நினைக்க வேண்டாம். சீசன்ஸ் ஸ்கின்னில் மாதப் படம் 3 மணி நேரம், வருடப் படம் 24 மணி நேரம் பழசானால்தான் திரும்ப வரையப்படும். அவசரமென்றால் அந்தப் பிஎன்ஜி கோப்புகளை அழித்துவிடுங்கள், அடுத்த சுற்றில் புதிதாக வரும். முடிந்துபோன மாதங்களின் என்ஓஏஏ ரிப்போர்ட்டும் (மாதச் சுருக்க அட்டவணை) இப்படித்தான், அழித்தால் ஒழிய மறுபடி எழுதாது.

கிழமை, மாதப் பெயர் போன்றவை இன்னும் லொகேலிலிருந்துதான் வரும். அதையும் கட்டிப்போட, சிஸ்டம்சிடிஎல் எடிட் வீவெக்ஸ் என்று திறந்து, சர்வீஸ் பகுதியில் என்விரான்மென்ட் வரியாக எல்சி_டைம் மதிப்பைக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் லொகேல் பை-யில் ஜெனரேட் ஆகியிருக்க வேண்டும். லொகேல் ஹைஃபன் ஏ என்று அடித்தால் இருப்பதெல்லாம் தெரியும்.

தமிழ் லொகேலையே வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆசை நியாயமானது, பக்கத்தைப் படிப்பவர்கள் நம் ஜனங்கள்தான். ஆனால் லினக்ஸின் தமிழ்–இந்தியா லொகேலில் ஏஎம்முக்குக் “காலை”, பிஎம்முக்கு “மாலை”, அவ்வளவுதான். 12 மணிக் கணக்கில் காட்டினால் நள்ளிரவு 12:15 “காலை 12:15” ஆகும். மே மாதத்தில் கடற்காற்று நுழைவதற்கு முன் 12:40-க்கு உச்ச வெப்பம் பதிவானால் “மாலை 12:40” என்று வரும். எண்ணூரிலோ காசிமேட்டிலோ அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. விடியற்காலையில் காற்று எப்படி இருக்கிறதென்று ஃபோனில் பார்த்துவிட்டுக் கடலுக்குக் கிளம்புகிறவருக்கு 03:20 என்று காட்டுவதே தெளிவு.

கிராஃபுக்குள் தமிழ் வந்தால் இன்னொரு சிக்கல். ஸ்கின்னோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துரு கொடுத்தாலும், படம் வரையும் பில்லோ நிரலுக்கு ராக்ம் என்ற எழுத்து அமைக்கும் நிரலின் துணை இல்லாவிட்டால் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. “செப்டம்பர்” என்பதில் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். என்ஓஏஏ ரிப்போர்ட்டின் என்கோடிங் ஸ்ட்ரிக்ட் ஆஸ்கி (ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் மட்டும்) என்று இருந்தால் தமிழ் மாதப் பெயர் மொத்தமாகக் காணாமல் போய்விடும். பக்கத்தில் தமிழ் கட்டாயம் வேண்டுமானால் டெம்ப்ளேட்டில் லேபிள்களைத் தமிழில் எழுதுங்கள், நேரத்தை எண்ணாகவே விடுங்கள். பிரவுசரில் ஜாவாஸ்க்ரிப்ட் மாற்றிக்காட்டும் நேரம் வேறு கணக்கு: அது பார்க்கிறவரின் ஃபோன் செட்டிங்கைப் பொறுத்தது. அதற்கு டெம்ப்ளேட்டிலிருந்து டேட்டைம் மதிப்பின் ரா வடிவத்தை, அதாவது அந்த விநாடி எண்ணை, அப்படியே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, லொகேலோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள். நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருந்தால் அது டைம்ஜோன் பிரச்சினை. ஆசியா/கொல்கத்தா என்று செட் செய்து வீவெக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், லொகேலில் கைவைக்க வேண்டாம். உங்கள் ஒரு நாள் மழையும் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கும் நாள் பிரிவில் ஒத்துப்போகாததற்கும் வடிவம் காரணமில்லை. வீவெக்ஸின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது, வானிலைத் துறையின் 24 மணி மழைக் கணக்கோ காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை.