உறங்கும் ப்ராசசரை எழுப்பலாமா?

கேள்வி: மண்டபத்தில் மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஐபிஎம் பவர் சர்வரில் 12 கோர்கள் (ப்ராசசருக்குள் தனித்தனியே இயங்கும் கணக்கீட்டு அலகுகள்) பொருத்தப்பட்டிருந்தும் 8 மட்டுமே இயக்கத்தில் உள்ளன. தடைக்காலம் முடிந்து ஜூன் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குச் சென்றதும், கொள்முதல் பதிவும் இரவுக் கணக்கு முடிப்பும் மிகவும் மெதுவாகிவிடுகின்றன. பணம் கட்டி மீதி 4 கோர்களையும் இயக்கிக்கொள்ளுமாறு விற்பனையாளர் கூறுகிறார். சர்வரை நிறுத்த வேண்டுமா? சீசன் முடிந்ததும் திருப்பித் தர இயலுமா?
- வாசகர், மண்டபம்

பதில்: திருப்பித் தர இயலாது. நிரந்தரமாக இயக்கப்படும் கோர், அந்தச் சர்வர் உள்ளவரை இயக்கத்திலேயே இருக்கும். ஆகவே உங்கள் சுமை சில வாரங்களுக்கு மட்டுமே ஏறுவதாயின், தற்காலிகமாகக் கோர்களை எடுத்து, பயன்படுத்திய நாள்களுக்கு மட்டும் பணம் கட்டும் ஏற்பாடு உங்கள் மாடலுக்கு உண்டா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். சில மாடல்களுக்கு 30 நாள் சோதனை வாய்ப்பும் உண்டு. அந்த நாள்கள் முடியும் முன் அக்கோர்களைப் பார்ட்டிஷன்களிலிருந்து, அதாவது தனித்தனிக் கணினிகள் போல் இயங்குமாறு சர்வரைப் பிரித்துள்ள பகுதிகளிலிருந்து, விடுவித்துவிட வேண்டும்.

சர்வரை நிறுத்தத் தேவையில்லை. பணம் கட்டியதும், உங்கள் சர்வரின் வரிசை எண்ணுக்கு மட்டுமே பொருந்தும் 34 எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று வரும்; அதை எச்எம்சி எனப்படும் மேலாண்மைக் கன்சோலில் உள்ளிட்டால், கோர்கள் அப்போதே பயன்பாட்டுக்குக் கிடைத்துவிடும். ஆனால் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். கோர் விழித்துக்கொண்டதாலேயே உங்கள் கணக்கு மென்பொருள் இயங்கும் பார்ட்டிஷனுக்கு அது போய்ச் சேர்ந்துவிடாது. தனிக் கோர்கள் ஒதுக்கப்பட்ட பார்ட்டிஷனாக இருந்தால் நீங்களே அதைச் சேர்க்க வேண்டும், அதுவும் அதன் புரொஃபைலில் (அமைப்பு விவரப் பதிவில்) குறித்துள்ள உச்ச எண்ணிக்கைக்குள்தான். அந்த உச்சம் 8 என்று இருந்தால், அதை மாற்றிவிட்டு அந்தப் பார்ட்டிஷனை மட்டும் ஒருமுறை நிறுத்தி எழுப்பியாக வேண்டும். கோர்களைச் சேர்த்த பின் புரொஃபைலிலும் பதிந்துவையுங்கள். இல்லாவிடில் அடுத்தமுறை அதே புரொஃபைலிலிருந்து பார்ட்டிஷனைத் தொடங்கும்போது பழைய 8-க்கே திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்யும் முன், மெதுவாவதற்குக் காரணம் ப்ராசசர்தானா என்று பார்த்துவிடுங்கள். சுமை மிகுந்த இரவு ஒன்றில் கணக்கு முடிப்பு ஓடும்போது கோர்களின் பயன்பாட்டைக் கவனியுங்கள். எட்டில் ஒரு கோர் மட்டும் உழைக்க, ஏழும் சும்மா இருந்தால், அந்தப் பணி ஒற்றை இழையில், அதாவது ஒரே கோரில் ஒன்றன்பின் ஒன்றாக, ஓடுகிறது என்று பொருள். இன்னும் நான்கைச் சேர்த்தாலும் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. எடைத்தராசு ஒன்றே உள்ள கூடத்தில் தரம் பிரிக்கப் பத்துப் பேரைக் கூடுதலாக நிறுத்துவதைப் போன்றதே அது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் மிகுதியாக இருந்தாலும் கோர்கள் உதவா. பகல் கொள்முதல் பதிவின்போது எட்டும் நிரம்பி வழிந்தால் மட்டுமே விற்பனையாளரின் யோசனையில் நியாயம் உண்டு. என் கணிப்பில், உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு.

மற்றொன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்: இயங்கும் கோர்களின் எண்ணிக்கையைக் கொண்டு உரிமக் கட்டணம் வாங்கும் தரவுத்தள நிறுவனங்கள் உள்ளன. கோரின் விலையை விட அந்தக் கட்டணமே கூடுதலாக வரக்கூடும்.

கேள்வி: கீழக்கரையில் உள்ள எங்கள் கடையின் சாதாரண இன்டெல் சர்வரிலும் இப்படி உறங்கும் கோர்கள் இருக்குமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: பெரும்பாலும் இராது. இன்டெல் 2023-இல் வெளியிட்ட ஜியான் எனும் சர்வர் ப்ராசசர் வகைகள் சிலவற்றில் பணம் கட்டித் திறக்கும் வசதி தரப்பட்டது என்றாலும், அதில் திறந்தவை குறிப்பிட்ட வேலைகளை விரைவுபடுத்தும் துணைப் பகுதிகளே, கோர்கள் அல்ல. உங்கள் பலகையில் இரண்டாம் ப்ராசசருக்கான சாக்கெட் காலியாக உள்ளதா என்று திறந்து பாருங்கள். இருந்தால் முதலாவதற்கு இணையான ஒன்றை அங்கே பொருத்திக்கொள்ளலாம்.