கேள்வி–பதில்: க்ளவுட் ஃபயர்வால் இருந்தும் தாக்குதல் ஏன்?

கேள்வி: எங்கள் ஆர்டர் தளத்துக்கு வரும் கோரிக்கைகளை இடையில் நின்று வடிகட்டும் க்ளவுட் ஃபயர்வால் போட்டு, டொமைன் பெயருக்கு ஐ.பி. முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ்.ஸையும் அதன் பக்கம் மாற்றிவிட்டோம். ஆனாலும் ஃபயர்வால் லாகில் (பதிவேட்டில்) இல்லாத தாக்குதல்கள் சர்வர் லாகில் தெரிகின்றனவே?

பதில்: சர்வரின் ஐ.பி. முகவரி தெரிந்தவர்கள் ஃபயர்வால் பக்கமே போகாமல் நேரே வருகிறார்கள். டி.என்.எஸ். மாற்றம், டொமைன் பெயரைக் கேட்டு வருபவர்களை மட்டும்தான் திருப்பிவிடும். முகவரி அவர்களுக்கு எப்படித் தெரியும்? பழைய டி.என்.எஸ். பதிவுகளைச் சேர்த்துவைக்கும் தளங்கள் உண்டு. அதே சர்வரிலிருந்து மின்னஞ்சல் போனால், அதன் ஹெடரில் (தலைப்புத் தகவலில்) முகவரியும் கூடவே போகும். எப்போதோ திறந்து மறந்துபோன டெஸ்ட் சப்டொமைனும் காட்டிக்கொடுக்கும்.

முதலில் இந்தக் கசிவுகளை அடைத்துவிட்டு, சர்வரின் ஐ.பி.யை மாற்றுங்கள். பிறகு இணையதளக் கோரிக்கைகள் வரும் 80, 443 போர்ட்டுகளை, ஃபயர்வால் நிறுவனம் வெளியிடும் ஐ.பி. வரம்புகளுக்கு மட்டும் திறந்துவையுங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐ.பி. முகவரி) இருந்தால் அதற்கும் இதே விதி. பலர் கோட்டைவிடும் இடம் இது.

இத்தோடு நின்றால் போதாது. அதே நிறுவனத்தில் வேறொருவர் கணக்குத் திறந்து, தன் டொமைனை உங்கள் சர்வருக்குத் திருப்ப வாய்ப்பிருக்கிறது. அப்படி வருவதும் நீங்கள் அனுமதித்த ஐ.பி.யிலிருந்துதான் வரும்! எனவே ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு ரகசிய ஹெடரைச் சேர்த்து அனுப்பும்படி ஃபயர்வாலை அமையுங்கள். அது இல்லாதவற்றைச் சர்வர் நிராகரிக்கட்டும். ஃபயர்வால் தன்னைச் சர்வரிடம் நிரூபிக்கும் கிளையன்ட் சான்றிதழ் வசதி இருந்தால் இன்னும் நல்லது, அதுவும் உங்கள் கணக்குக்கென்றே தனிச் சான்றிதழாக இருந்தால்.

கடைசியாக, வெளி நெட்வொர்க்கிலிருந்து புது ஐ.பி.யை நேராக அழைத்துப் பாருங்கள். இணைப்பே கிடைக்கக் கூடாது. 403 (அனுமதி மறுப்பு) வந்தால்கூட போர்ட் திறந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: பொருள் விவரத்தை எடிட்டரில் எழுதிச் சேமித்தால் 403 வருகிறது. ஃபயர்வால் விதிகளை மொத்தமாக அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுடையது ஓவாஸ்ப் அமைப்பின் விதித்தொகுப்பான கோர் ரூல் செட் என்றால், பொருந்தும் ஒவ்வொரு விதிக்கும் புள்ளி சேரும். கடுமையான விதிக்கு 5 புள்ளி. உள்வரும் கோரிக்கைகளுக்கு இயல்பாக வைத்திருக்கும் தடுப்பு வரம்பும் 5. ஆக, ஒரே ஒரு விதி தவறாகப் பொருந்தினாலே கதவு மூடிவிடும்.

லாகில் 949110 என்ற எண் கண்ணில் படும். அவசரப்பட்டு அதை அணைத்தால் தடுப்பே போய்விடும்; கூட்டுத்தொகையைப் பார்த்துத் தடுக்கும் விதி அது. உண்மைக் காரணம் அதே கோரிக்கையின் முந்தைய வரிகளில் இருக்கும்: 941 என்று தொடங்கினால் பக்கத்தில் தீங்கான ஸ்கிரிப்டை நுழைக்கும் எக்ஸ்.எஸ்.எஸ்., 942 என்றால் தரவுத்தளக் கட்டளையை நுழைக்கும் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன். எடிட்டர் எச்.டி.எம்.எல். குறிகளை அனுப்புவதால் பெரும்பாலும் 941தான் மாட்டும். அந்த விதிக்கு, அந்தப் பக்கத்தில், அந்த ஃபீல்டுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். சேமிக்கும் முன் எச்.டி.எம்.எல்.லைச் சர்வரில் சுத்தம் செய்வது அவசியம். புது விதி எதையும் முதலில் லாக் மட்டும் செய்யும் நிலையில் ஓடவிடுங்கள். மாதக் கடைசி அறிக்கை போல எப்போதாவது நடக்கும் வேலைகளும் அதற்குள் ஒருமுறை நடந்து முடியட்டும்.

கேள்வி: ஃபயர்வால் இருந்தால் கோடில் உள்ள ஓட்டையைச் சரிசெய்யாமல் விடலாமா?

பதில்: சில நாள் அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா மென்பொருளின் லாக்4ஷெல் ஓட்டை வெளியானபோது ஃபயர்வால் நிறுவனங்கள் வேகமாக விதி எழுதின. எழுத்துகளை மாற்றி மறைத்து அதைத் தாண்டும் வடிவங்களும் உடனே வந்தன. தவிர, லாகின் செய்த ஒருவர் யூ.ஆர்.எல்.லில் ஆர்டர் எண் 1041ஐ 1042 ஆக்கி அடுத்தவர் பில்லைப் பார்த்தால், ஃபயர்வாலுக்கு அது சாதாரணக் கோரிக்கைதான். அந்த ஆர்டர் யாருடையது என்று உங்கள் கோடுதான் சரிபார்க்க வேண்டும்.