தான்சாக் ஏன் கோழிச் சாம்பார் ஆனது?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். என் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒரு பார்சி. தாதர் பார்சி காலனியில் அவர்கள் வீட்டில் தான்சாக், அதாவது பருப்பும் காயும் குழையக் கடைந்து கறி சேர்த்த குழம்பு, சாப்பிட்டோம், அந்த ருசி மறக்கவே இல்லை. இணையத்தில் ஒரு குறிப்பைப் பார்த்துக் கோழியில் செய்தேன். ‘சாம்பார் மசாலா 2 ஸ்பூன்’ என்று போட்டிருந்தது, வீட்டுச் சாம்பார்ப் பொடியைச் சேர்த்தேன். பருப்பு, காய், கோழி, புளி எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு 6 விசில் விட்டேன். கோழி நார்நாராகப் போய்விட்டது. பருப்பு கொறகொறவென்று நின்றது. ருசியோ, கோழி போட்ட சாம்பார். ஆகஸ்டில் அவர்கள் புத்தாண்டு வருகிறது, அன்றைக்கு நன்றாகச் செய்து எடுத்துப்போக ஆசை. எங்கே தவறினேன்?

பதில்: பொடியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தவறை நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் செய்கிறார்கள். பார்சி வீடுகளில் ‘சாம்பார் மசாலா’ என்று ஒன்று உண்டு. பெயர் மட்டும்தான் நம்முடையது. நம் பொடியில் மல்லியோடு துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் வறுத்து அரைபடும். அவர்கள் பொடியில் பருப்பே கிடையாது. மிளகாய்த்தூள், உடைத்த கடுகு, உடைத்த வெந்தயம், பெருங்காயம், மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகு, கிராம்பு, அன்னாசிப்பூ, இதெல்லாம் எண்ணெய் விட்டுப் பிசறியது. தொட்டால் ஈரப்பசை இருக்கும். முகர்ந்து பார்த்தால் ஆவக்காய் ஊறுகாய்ப் பொடியின் தங்கை மாதிரி. நீங்கள் 2 ஸ்பூன் நம் பொடியைப் போட்டபோது மல்லியும் வறுத்த பருப்பும் மேலே ஏறி நின்றுவிட்டன, அதனால்தான் சாம்பார். நீங்கள் மும்பையில் இருப்பதால் தேடி அலைய வேண்டாம், பார்சிகள் வாங்கும் கடைகளில் அந்தப் பொடியும் தான்சாக் மசாலாவும் தனித்தனிப் பொட்டலமாகவே கிடைக்கும். கிடைக்காதவர்கள் கீழே நான் சொல்லும் விழுதை அரைத்தால் போதும்.

அடுத்தது கோழி. ஞாயிற்றுக்கிழமை தான்சாக் என்றால் பார்சி வீடுகளில் பெரும்பாலும் ஆட்டுக்கறிதான். ஆட்டுக்கறி பருப்போடு சேர்ந்து நெடுநேரம் வேகும், வேகவேகத் தன் கொழுப்பையும் எலும்புச் சாற்றையும் பருப்புக்குக் கொடுக்கும். அந்த முறையை அப்படியே கோழிக்குப் போட்டால் பருப்பு வேகும் நேரத்தில் கோழி செத்துப் பிழைத்துவிடும். நெஞ்சுக்கறி முதலில் காய்ந்து நாராகும். ஆகவே கோழித் தான்சாக் என்றால் இரண்டு பாத்திர வேலை. பருப்பும் காயும் ஒன்றில் முழுக்கக் குழைந்து தயாரான பிறகுதான் கோழி அதற்குள் இறங்க வேண்டும்.

ஆனால் ஆட்டு எலும்பு தரும் அந்தச் சாறு இல்லாமல் பருப்பு வெறுமையாக இருக்குமே? அதற்கு ஒரு வழி. கோழி வாங்கும்போது கழுத்து, முதுகெலும்புத் துண்டுகளைத் தனியே கேட்டு வாங்குங்கள். உப்புப் போடாமல், ஒரு வெங்காயத்தோடு அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் பருப்பை வேகவையுங்கள். கோழித் தான்சாக்கில் ருசி குறைகிறது என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து இதுதான்.

சரி, அளவுக்கு வருவோம். ஐந்து பேருக்கு எலும்போடு கோழி 750 கிராம், காலும் தொடையுமாக. துவரம் பருப்பு 100 கிராம், மைசூர் பருப்பு 50, பாசிப் பருப்பும் கடலைப் பருப்பும் 25, 25. சில வீடுகளில் துவரை மட்டும், சில வீடுகளில் மூன்று பருப்பு, எல்லாமே சரிதான். கடலைப் பருப்பு மட்டும் கூடிவிடக் கூடாது, அது எளிதில் குழையாது, நாக்கில் மணல் மாதிரி நிற்கும். பருப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். காயில் முக்கியமானது பரங்கிக்காய், 200 கிராம். இனிப்பும் குழம்பின் கெட்டியும் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு சின்னக் கத்தரிக்காய், ஒரு துண்டு சுரைக்காய், ஒரு சின்ன உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம். கைப்பிடி வெந்தயக்கீரை, பத்துப் பதினைந்து புதினா இலை, கொஞ்சம் கொத்தமல்லி. வெந்தயக்கீரையை விட்டுவிடாதீர்கள். அந்த லேசான கசப்பு இல்லாவிட்டால் பரங்கிக்காய் இனிப்பும் வெல்லமும் சேர்ந்து திகட்டிவிடும்.

கோழி தவிர இவை எல்லாவற்றையும் அரை ஸ்பூன் மஞ்சள்தூளோடு, எலும்புச் சாறும் தண்ணீருமாக ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றிக் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கவிடுங்கள். புளி வேண்டாம், தக்காளியும் வேண்டாம். புளிப்புச் சேர்ந்தால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் கரையாமல் இறுகி நிற்பதுதான் காரணம். உங்கள் பருப்பு கொறகொறத்தது இதனால்தான். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளிலும் இதே தொல்லை வரும், அங்கே குடிநீரில் வேகவையுங்கள்.

வெந்ததைக் கடைய வேண்டும். பார்சி வீடுகளில் சல்லடையில் தேய்த்து வடிப்பவர்கள் உண்டு. நமக்கு மத்து இருக்கிறது, அதைவிட நல்ல கருவி இல்லை. மிக்ஸியில் ஓட்டினால் உருளைக்கிழங்கு பசையாகிவிடும். கடைந்த பிறகு ஒருமுறை சல்லடையில் வடித்தால் கத்தரித் தோலும் கீரை நரம்பும் நின்றுவிடும். இது பருப்புக் குழம்பில் காய் மிதக்கும் பதார்த்தம் இல்லை. இதில் என்ன காய் இருக்கிறது என்று சாப்பிடுகிறவர் கண்டுபிடிக்கக் கூடாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பார்சிப் பாட்டி பதத்தை வாயால் சொன்னதே இல்லை. கரண்டியில் அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து சாய்ப்பார். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் தளர்வு, அடுப்பைக் கூட்டு. பொத்தென்று விழுந்தால் கெட்டி, வெந்நீர் விடு. நாடா மாதிரி மடிந்து விழுந்து, மேலே ஒரு நொடி கோடாக நின்று பிறகு கரைந்தால் தலையை ஆட்டுவார். இன்றுவரை நான் அந்த ஒரு நொடிக் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

மசாலா விழுதுக்கு 7 காஷ்மீரி மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள். மல்லிவிதை ஒரு மேசைக்கரண்டி, சீரகம் 2 டீஸ்பூன், மிளகு 8, கிராம்பு 4, ஏலக்காய் 3, ஒரு விரல்கடைப் பட்டை, பாதி அன்னாசிப்பூ, கடுகு அரை டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன். இருந்தால் ஒரு சிட்டிகை கல்பாசி. வெறும் வாணலியில் மணம் எழும்வரை மட்டும் சூடாக்குங்கள். சாம்பார்ப் பொடிக்கு வறுப்பதுபோல் சிவக்க வறுத்தால் மறுபடியும் சாம்பார் வாசனைதான் வரும். 10 பல் பூண்டு, ஒரு அங்குல இஞ்சி, ஊறிய மிளகாயோடு மைய அரையுங்கள். பார்சி சாம்பார் மசாலாப் பொட்டலம் கிடைத்திருந்தால் விழுதில் கடுகையும் வெந்தயத்தையும் விட்டுவிட்டு, வதக்கும்போது அந்தப் பொடியில் ஒரு டீஸ்பூன் சேருங்கள். அதில் உப்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழியை உப்பும் கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுதும் தடவி அரை மணி நேரம் வைத்திருங்கள். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி இரண்டு வெங்காயத்தை நீளமாக நறுக்கிப் பொன்னிறமாக வதக்குங்கள். விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை, அவசரமே இல்லாமல், பத்து நிமிஷமாவது வதக்க வேண்டும். தக்காளி இரண்டு இப்போது சேரட்டும். அது சுருண்டதும் கோழியைப் போட்டு ஐந்தாறு நிமிஷம் புரட்டி, கடைந்த பருப்பை ஊற்றுங்கள். இனி சிறுதீ. இருபது நிமிஷத்தில் கோழி வெந்துவிடும். தொடையில் எலும்பை ஒட்டிக் கீறிப் பார்த்தால் சாறு தெளிவாக வர வேண்டும், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. பருப்புக் குழம்பு சட்டென்று அடிப்பிடிக்கும், அதனால் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள்.

கடைசி ஐந்து நிமிஷத்தில் நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், ஒரு மேசைக்கரண்டி வெல்லம். பார்சிச் சமையலில் புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும். இதில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ருசி பார்த்துச் சேருங்கள். அன்னாசிப்பழம் போடச் சொல்லும் குறிப்பும் உங்கள் கண்ணில் படும். அது இங்கிலாந்தின் கறி உணவகங்களில் வளர்ந்த வேறு ஒரு தான்சாக். மும்பை வீட்டு ருசி வேண்டுமானால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சோறு இல்லாமல் இது முழுமையாகாது. ‘தான்’ என்றால் குஜராத்தியில் தானியம், ‘சாக்’ என்றால் காய்க் குழம்பு. பெயரிலேயே பாதி சோறு. இதோடு பரிமாறும் பழுப்பு நிறச் சோற்றுக்கு வாணலியில் 2 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் உருக்குங்கள். தேன் நிறம் தாண்டி, செம்மரப் பட்டை நிறம் வந்து, ஓரத்தில் லேசாகப் புகை கிளம்பும் கணத்தில் தள்ளி நின்று வெந்நீரை ஊற்றுங்கள், பலமாகத் தெறிக்கும். கறுத்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள், கரிக்கசப்பை எதுவும் மறைக்காது. இந்தத் தண்ணீரில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வறுத்த வெங்காயம், உப்போடு பாசுமதியை வேகவைத்தால் நிறமும் மணமும் வந்துவிடும், இனிப்பு தெரியாது. பக்கத்தில் கச்சும்பர், அதாவது வெங்காயம், தக்காளி, வெள்ளரி, பச்சைமிளகாய், கொத்தமல்லி பொடியாக நறுக்கிக் கொஞ்சம் வினிகர் விட்டது. குஜராத்தின் நவ்சாரியில் 1885இல் தொடங்கிய கோலா நிறுவனத்தின் கரும்பு வினிகர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், வெள்ளை வினிகரில் அந்த ஆழம் வராது.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று. புத்தாண்டு அன்று தான்சாக் எடுத்துப்போகாதீர்கள். பார்சி வீட்டில் ஒருவர் இறந்தால் மூன்று நாள் இறைச்சி சமைப்பதில்லை. நான்காம் நாள் அந்த விரதத்தை முடிப்பது தான்சாக்கோடுதான். அதனால் நவ்ரோஸ் என்னும் புத்தாண்டு, பிறந்தநாள், கல்யாணம் போன்ற நல்ல நாள்களில் இதைச் செய்யமாட்டார்கள். நாம் நல்ல காரியத்தன்று தவிர்க்கும் சில சமையல் உண்டல்லவா, அதே மாதிரி. உங்கள் நண்பர் வீட்டார் சிரித்தபடி வாங்கிக்கொள்வார்கள், ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் மனது ஒரு நொடி சுருங்கும். நல்ல நாளுக்கு அவர்கள் செய்வது வெள்ளைச் சோறு, மஞ்சள் பருப்பு, மீன் அல்லது இறால் போட்ட ‘பாட்டியோ’ என்னும் புளிப்பும் இனிப்பும் காரமுமான குழம்பு. காலையில் ரவையும் பாலும் சர்க்கரையும் சேர்த்த ‘ரவோ’, வறுத்த சேமியா ‘சேவ்’. நம் கை ரவா கேசரிக்குப் பழகிய கை, ரவோ உங்களுக்குச் சுலபமாக வரும். அன்று அதை எடுத்துப்போங்கள்.

தான்சாக்கை ஒரு சாதாரண ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவே பருப்பைக் கடைந்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம், மறுநாள் ருசி கூடியிருக்கும். மாட்டுங்காவிலிருந்து தாதருக்கு நடந்துபோகும் தூரம்தான் என்றாலும் பருப்பு ஆறஆற இறுகும். அவர்கள் அடுப்பில் ஏற்றி, அரை டம்ளர் வெந்நீர் விட்டு, கரண்டியில் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள்.