மைக்ரோக்ளியாவும் வெண்பொருள் சேதமும்: கேள்வி பதில்

மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியா இரத்தத்திலிருந்து மூளைக்கு வருபவையா மேடம்?

இல்லை. கரு உருவாகும் தொடக்க நாட்களிலேயே கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து (yolk sac) மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்பவை. நோயின்போது இரத்தத்திலிருந்து நுழையும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வேறு. இபா1 சாயம் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும், எச்சரிக்கை.

மைக்ரோக்ளியாவில் அழற்சியைத் தூண்டும் எம்1 வகை கெட்டது, அதைத் தணிக்கும் எம்2 வகை நல்லது என்று பாடத்தில் இருக்கிறதே?

அந்தப் பிரிவினை மூளைக்குள் பொருந்தாது. ஒரே செல்லிலேயே இரண்டு பக்கத்து மரபணுக்களும் வெளிப்படுகின்றன. எந்த நாள், எந்த இடம், செல் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பிழைகளைப் போர்த்தும் மயிலின் உறை சிதையும் நோய்). சமையல் மஞ்சளில் செய்த மாத்திரை கொடுக்கலாமா?

இதை அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மயிலினை இழக்கச் செய்யும் க்யூப்ரிசோன் மருந்தைக் கொடுத்தும் எங்கள் ஆய்வக எலிகளில் மயிலின் சரியாகக் குறையவில்லை. எங்கே தவறு?

எட்டு வார வயதுடைய சி57பிஎல்/6 இன எலிகளுக்குத் தீவனத்தில் 0.2 சதவீதம், ஐந்து முதல் ஆறு வாரம் என்பது வழக்கம். முதலில் தீவனத்தைச் சந்தேகியுங்கள். பொடித் தீவனத்தில் மருந்து சீராகக் கலக்காவிட்டால் ஒரே கூண்டில் ஒரு எலி அதிகமும் இன்னொன்று குறைவும் தின்னும். வாரம் இரண்டு முறை எடை பாருங்கள். தொடக்கத்தில் எடை சற்றும் இறங்கவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்றே சந்தேகப்படலாம். அடுத்தது வெட்டும் இடம். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே அளவில் மயிலினை இழப்பதில்லை, எல்லா எலிகளிலும் ஒரே மட்டத்தில் வெட்டுங்கள். மூன்றாவது, எந்த நாளில் பார்த்தீர்கள் என்பது: மயிலினை உருவாக்கும் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் முதல் வாரத்திலேயே சாகத் தொடங்கும், மயிலின் இழப்போ மூன்றாம் வாரத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஆறாம் வாரத்தில் மருந்து உள்ளே இருக்கும்போதே புது மயிலின் முளைக்கத் தொடங்கலாம். நாள் குறிக்காத படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மைக்ரோக்ளியா உயிர்வாழத் தேவையான சிஎஸ்எஃப்1ஆர் ஏற்பியைத் தடுத்து அவற்றை அழிக்கும் மருந்து கொடுத்தால் இதே எலிகளில் மயிலின் இழப்பு குறைகிறது. அப்படியென்றால் சேதம் செய்வது அவைதானே?

அந்த முடிவை நம்பும் முன், மிச்சமிருப்பது உயிருள்ள மயிலினா, அள்ளப்படாத குப்பையா என்று பாருங்கள். செத்த ஆலிகோடெண்ட்ரோசைட்டின் மயிலினை விழுங்கி அகற்றுவது மைக்ரோக்ளியா. அவை இல்லாதபோது சிதைந்த மயிலின் அப்படியே கிடக்கும். மயிலின் புரதமான எம்பிபியைக் காட்டும் சாயம் அதிலும் ஏறும். மைக்ரோக்ளியாவின் ஏற்பியான ட்ரெம்2 இல்லாத எலிகளில் குப்பை அகற்றும் வேலை தடைபடுவது தெரிந்ததே. மனிதரில் அதே மரபணு கெட்டால் வரும் நாசு-ஹகோலா என்ற அரிய நோயில் வெண்பொருள் (மயிலின் போர்த்திய நரம்பிழைகள் உள்ள பகுதி) சிதைகிறது.

குப்பை என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்திருக்குமே. மருந்து உண்மையில் காக்கிறது என்ற ஆய்வுகளை ஒதுக்குகிறீர்கள்.

ஒதுக்கவில்லை. அழற்சியின் உச்சத்தில் மைக்ரோக்ளியா சுரக்கும் டிஎன்எஃப், ஐஎல்-1ஆல்ஃபா, சி1க்யூ என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து, நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளை நச்சுத்தன்மை கொள்ளச் செய்வதை 2017இல் காட்டிவிட்டார்கள். தீங்கு உண்டு. ஆனால் நோயே இல்லாத எலியில் மைக்ரோக்ளியா இல்லாமல் போனாலும் மயிலின் முதலில் தடித்து, பிறகு சிதைகிறது. 2023இல் வெளிவந்த முடிவு. எனவே "யார் குற்றவாளி" என்பதைவிட "எந்த நாளில் தடுத்தோம்" என்பதே சரியான கேள்வி. பிஎல்எக்ஸ்5622 என்ற சிஎஸ்எஃப்1ஆர் மருந்து ஒரு வாரத்தில் மைக்ரோக்ளியாவில் பெரும்பாலானவற்றை அழிக்கும், நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் நிரம்பும். மயிலின் இழப்புக்கு முன் ஒரு குழு, க்யூப்ரிசோன் நின்றபின் ஒரு குழு என்று தனித்தனியாகச் செய்யுங்கள். மயிலின் சாயத்தோடு சிசி1 சாயம் காட்டும் முதிர்ந்த ஆலிகோடெண்ட்ரோசைட் எண்ணிக்கையும், ஜி-விகிதமும் (நரம்பிழையின் விட்டத்தை மயிலினோடு சேர்ந்த விட்டத்தால் வகுத்தது) கட்டாயம் வேண்டும்.

மைக்ரோக்ளியாவின் ஏற்பியான பி2ஆர்ஒய்12ஐக் காட்டும் சாயம் மங்கினால் செல் செத்தது என்று பொருளா?

இல்லை. அழற்சியில் அந்த ஏற்பியே குறையும். இபா1, விழுங்கும் செல்களைக் காட்டும் சிடி68 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மஞ்சள் மாத்திரை மைக்ரோக்ளியாவை அமைதிப்படுத்துமா?

மேலே சொன்னதுதான்: நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் மூளையில் புதிய புண் இல்லை என்கிறது ஸ்கேன். ஆனாலும் நடை மோசமாகிறதே?

பழைய புண்ணின் விளிம்பில் இரும்பு சேர்ந்த மைக்ரோக்ளியா அழற்சியை மெல்லத் தொடர்ந்துகொண்டிருக்கலாம். இரத்த-மூளைத் தடுப்பு மூடியிருப்பதால் ஸ்கேனுக்கு ஊசியில் செலுத்தும் கடோலினியம் அதைக் காட்டாது. காந்த ஏற்புத்திறன் சார்ந்த எம்ஆர்ஐயில் கறுப்பு வளையமாகத் தெரியும். எடுத்த ஸ்கேனில் அந்த வகைப் படம் இருந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.